தாழ்ப்பாளில் ஒரு கொடி

அபுந்தியோவின் நாக்கு பொய் சொல்லாது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மற்றதில் எப்படியோ, ஒயின் விஷயத்தில் சொல்லாது. நவம்பரில் சான் மர்த்தீன் திருநாளன்று வீட்டுக்கு வீடு புது ஒயின் பீப்பாயைத் திறப்பார்கள். முதல் கிளாஸ் அவருக்குத்தான். அவர் ஒரு வாய் குடித்து, இரண்டு கன்னத்திலும் உருட்டி, விழுங்கிவிட்டு ஏதாவது சொல்கிற வரைக்கும் வேறு யாரும் கிளாஸைத் தொட மாட்டார்கள். ஊர்த் தலைவருடைய ஒயினைக் குடித்துவிட்டு, "இதுல பீப்பாய் நாத்தம் அடிக்குதுய்யா" என்று முகத்துக்கு நேரே சொன்னவர். பாதிரியார் ஆசையாகக் கொண்டுவந்ததைக் குடித்துவிட்டு, "பூசைக்கு இது போதும் சாமி, ஆண்டவர் குறை சொல்ல மாட்டாரு" என்றவர். கேட்டவர்களுக்கு எரியத்தான் செய்தது. இருந்தாலும் அடுத்த வருஷமும் அவரிடம்தான் முதல் கிளாஸை நீட்டினார்கள்.

அந்த நாக்குதான் கூடப் பிறந்த தம்பியையும் பிரித்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், அப்பா செத்த அடுத்த வருஷம், தம்பி வெனான்சியோ முதல் தடவையாகத் தனியே ஒயின் போட்டான். மேட்டுத் தோட்டத்துக் கறுப்புத் திராட்சை. ஒவ்வொரு குலையையும் பார்த்துப் பார்த்துப் பறித்து, மூன்று வாரம் மெழுகுவர்த்தியும் கையுமாக நிலவறைக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். சான் மர்த்தீன் அன்று அவன் வீட்டு முற்றத்தில் முப்பது பேர் நின்றார்கள். அபுந்தியோ ஒரு வாய் குடித்தார். பிடிக்கவில்லை என்றால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், தம்பிதானே. ஆனால் முப்பது பேர் தன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவருக்கு ஒரு மிதப்பு வந்துவிடும்.

"சாலட்டுக்கு ஊத்திக்கலாம்டா. எண்ணெய் மட்டும் நல்லதா வாங்கிக்க" என்றார்.

முற்றமே சிரித்தது. வெனான்சியோ சிரிக்கவில்லை. ஜாடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவன்தான், அன்றிலிருந்து அண்ணனிடம் ஒரு வார்த்தை கிடையாது. அந்த ஒயினை மட்டும் பாட்டிலில் அடைத்து, நிலவறையின் கடைசியில் இருக்கிற மாடத்தில் படுக்கப் போட்டு வைத்தான். "இப்ப இது முரட்டுப் புள்ள. பத்து வருஷம் தூங்கட்டும், அப்ப தெரியும் யாரு நாக்கு சரின்னு" என்று பக்கத்து நிலவறைக்காரன் சிந்துல்போவிடம் சொல்லியிருந்தான். அதற்கப்புறம் அவன் ஒயின் போடவே இல்லை. திராட்சையைக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுத்துவிடுவான்.

பேச்சு அறுந்து போனாலும் நிலவறை ஒன்றாகவேதான் இருந்தது. ஊரையொட்டிய குன்றைக் குடைந்து தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில் வெட்டியது. ஒரே கதவு, முப்பத்திரண்டு படி. கீழே போனால் இடது பக்கம் அபுந்தியோவுக்கு, வலது பக்கம் வெனான்சியோவுக்கு. ஆளுக்கொரு சாவி.

அக்டோபரில் தொட்டி நிறையத் திராட்சைச் சாறு பொங்கிக்கொண்டிருக்கும்போது அதிலிருந்து கெட்ட காற்று கிளம்பும். கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் மாதிரி அடியிலேயே தேங்கி, படிப்படியாக மேலே ஏறும். அதற்குள் இறங்கியவன் திரும்பி ஏறி முடிப்பதற்குள் விழுவான். அதனால்தான் மெழுகுவர்த்தி. சுடர் எந்தப் படியில் சுருங்குகிறதோ அந்தப் படியிலேயே திரும்பிவிட வேண்டும். ஆனால் மின்விளக்கு வந்தபிறகு வருஷம் முழுக்க யார் மெழுகுவர்த்தி பிடிக்கிறார்கள்? அதனால் எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தொட்டியை நிரப்பியவன், இலையோடு ஒரு திராட்சைக் கொடியை வெட்டிவந்து கதவின் தாழ்ப்பாளில் கட்டிவிட வேண்டும். பங்காளி அதைப் பார்த்தால் மெழுகுவர்த்தி இல்லாமல் இறங்க மாட்டான். சண்டையோ சச்சரவோ, வெட்டுக்குத்தே நடந்திருந்தாலும் கொடி கட்டத் தவற மாட்டார்கள். அபுந்தியோவும் பத்து வருஷம் தவறாமல் கட்டியவர்தான்.

இந்த வருஷம் கட்டவில்லை.

செப்டம்பரில் அத்தை ஒருத்தி இறந்துபோனாள். கல்லறைத் தோட்டத்து வாசலில் அபுந்தியோ மனசு இளகி, ஊர் பார்க்கத் தம்பியிடம் கையை நீட்டினார். வெனான்சியோ அந்தக் கையைப் பார்த்தான். தன் கையை எடுத்துக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு நடந்து போய்விட்டான். அறுபத்தாறு வயதில் நீட்டிய கையோடு நிற்பது என்றால் சும்மாவா? மனுஷன் உடம்பெல்லாம் கொதித்தது.

அந்தக் கொதிப்பு அக்டோபர் வரைக்கும் அடங்கவில்லை. வியாழக்கிழமை தொட்டியை நிரப்பிவிட்டு மேலே வந்தபோது அவர் கையில் வெட்டிய கொடி இருந்தது. தாழ்ப்பாளில் வைத்தும் பார்த்தார். கொடி கட்டுவது என்றால் என்ன? 'பார்த்து இறங்குடா தம்பி' என்று சொல்வதுதானே. நான் ஏன் முதலில் பேச வேண்டும்? அவன்தான் ஒயின் போடுவதையே விட்டாயிற்றே, அக்டோபர் மாசத்தில் இங்கே அவனுக்கு என்ன வேலை? இப்படியெல்லாம் நினைத்துக் கொடியைச் சுவருக்கு அந்தப் பக்கம் விட்டெறிந்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். இரண்டு நாள் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கவும் செய்தார்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் தொட்டியை எட்டிப் பார்க்கலாம் என்று மெழுகுவர்த்தியோடு வந்தார். கதவு திறந்து கிடந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

படி வளைகிற இடம் வரைக்கும்தான் மேலிருந்து தெரியும், அதற்குக் கீழே தெரியாது. வாசலில் குனிந்து, "வெனான்சியோ!" என்று கூப்பிட்டார். பதினோரு வருஷத்தில் அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பதில் இல்லை. "டேய் வெனான்சியோ!" காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்து தாழ்ப்பாளைப் பார்த்தார். வெறும் இரும்பு.

அந்த நேரத்தில் ஒரு மனுஷன் என்ன செய்வான்? கத்துவான். ஊரைக் கூட்டுவான். நூறு அடி தள்ளிச் சிந்துல்போ தன் நிலவறைக் கதவுக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருந்தான், ஒரு குரல் கொடுத்தால் போதும். அபுந்தியோ குரல் கொடுக்கவில்லை. சுவரைச் சுற்றிப் போய் வியாழக்கிழமை எறிந்த கொடியைப் புதருக்குள் தேடினார். கிடைக்கவில்லை. களத்துமேட்டைத் தாண்டி, சிந்துல்போவின் தோட்டத்து ஓர வரிசைக்கு ஓடினார். பேனாக்கத்தியை எடுத்து ஒரு கொடியை வெட்டினார். மூச்சிரைக்கத் திரும்பி ஓடிவந்து தாழ்ப்பாளில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார். அவசரத்தில் முதல் முடிச்சு அவிழ்ந்து, மறுபடியும் கட்ட வேண்டியிருந்தது. கட்டி முடித்த பிறகுதான் கத்தினார்.

சிந்துல்போ இடுப்பில் கயிறு கட்டி, ஈரத் துண்டை முகத்தில் சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான். மேலேயிருந்து ஆறு பேர் இழுத்தார்கள். வெனான்சியோ கீழேயிருந்து எட்டாவது படியில் கிடந்தானாம், ஏறி வருகிற வாக்கில். இடது கைக்குள் இரண்டு பாட்டில்களை மார்போடு அணைத்தபடி இருந்தான். இரண்டும் உடையவில்லை.

வைத்தியர் வந்து அரை மணி நேரம் மார்பை அமுக்கிப் பார்த்துவிட்டு எழுந்தார். "கொஞ்சம் முன்னாடி தூக்கியிருந்தா" என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார். காவல்துறை ஆள் கதவையும் தாழ்ப்பாளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், கொடியை விரலால் தூக்கிப் பார்த்தான், நோட்டில் எழுதிக்கொண்டான். "எச்சரிக்கை இருந்திருக்கு. உங்க பக்கம் தப்பில்லைங்க பெரியவரே" என்று அபுந்தியோவின் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

அவ்வளவுதான், ஊர் வாய் அதைப் பிடித்துக்கொண்டது. "கண்ணெதிர்ல கொடி தொங்குது, வெறுங்கையோட இறங்கியிருக்கானே!", "அறுபத்திரெண்டு வயசு ஆள் பண்ற காரியமாய்யா இது?", "அண்ணன் மேல இருந்த வீம்பு, அண்ணன் கட்டின கொடியைக்கூட மதிக்கல." ரொட்டிக் கடையில் பேசினார்கள், கோயில் வாசலில் பேசினார்கள். வெனான்சியோவின் மனைவி பிரிசீலா காதில் விழுகிற தூரத்திலேயே பேசினார்கள். அவள் கறுப்புத் துணியைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நடந்து போவாள்.

ஒன்பது நாள் செபமாலையிலும் அபுந்தியோ கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வருகிறவன் போகிறவனெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசை விட்றாதீங்க, நீங்க செய்ய வேண்டியதைச் செஞ்சீங்க" என்றான். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் ரொட்டி மண்ணாக இருந்தது. உப்பு போட்டோமா போடவில்லையா என்றே தெரியவில்லை. பிரிசீலாவிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் சட்டையை மாட்டுவார். தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பிவிடுவார். அந்தக் கோழைத்தனத்தை நினைத்து அவருக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது. அருவருத்துக்கொண்டே ஒன்பது நாளை ஓட்டினார்.

ஒன்பதாம் நாள் பூசை முடிந்ததும் தம்பி மகள் கசில்தா அவரிடம் வந்தாள். முப்பது வயசுப் பெண், புர்கோஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். அழுதழுது மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

"பெரியப்பா, அம்மா உங்களைச் சாப்பிட வரச் சொன்னாங்க. சிந்துல்போ மாமாவும் வர்றாரு."

"எனக்குப் பசியில்லம்மா."

"பசிக்காகக் கூப்பிடல. அப்பா கையில இருந்த ஒயின் இருக்கில்ல, அதை இன்னைக்குத் திறக்கறோம். முதல் வாய் நீங்கதான் குடிக்கணுமாம்."

வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பின்னாலேயே நடந்தார். நடக்கும்போது ஒரே ஒரு வேண்டுதல்தான் மனசில் ஓடியது. ஆண்டவரே, அது நல்ல ஒயினாக இருக்கட்டும். பதினோரு வருஷத்தில் அது பழுத்திருக்கட்டும். நான்தான் முட்டாள், என் தம்பி சொன்னதுதான் சரி என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். அதையாவது அவனுக்குக் கொடுக்கிறேன். மற்றதைச் சொல்லத் தைரியம் இல்லாத மனசு இப்படி மலிவாக ஒரு பேரம் பேசிக்கொண்டது.

பதினோரு வருஷமாக மிதிக்காத வீடு. சமையலறையில் அதே நீள மேசை, சுவரில் அப்பாவின் படம். வெனான்சியோவின் நாற்காலி முதுகில் அவனுடைய தொப்பி தொங்கியது. அந்த நாற்காலிக்கு எதிரில்தான் பிரிசீலா அபுந்தியோவை உட்காரச் சொன்னாள். கொண்டைக்கடலைக் குழம்பையும் ரொட்டியையும் வைத்தாள். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சிந்துல்போதான், சும்மா இருந்தால் மூச்சு முட்டும் என்பது போல ஏதாவது பேசிக்கொண்டே இருந்தான்.

"அண்ணே, இன்னைக்கும் சாலட்டு கீலட்டுன்னு ஆரம்பிச்சீங்க, நான் எந்திரிச்சுப் போயிருவேன். அன்னைக்கு முற்றத்துல அதிகமாச் சிரிச்சது நான்தான், அது வேற இத்தனை வருஷமா உறுத்திக்கிட்டுக் கிடக்கு."

"சிரிச்சதை விடு. அவரே அதை மறந்துட்டாரு" என்றாள் பிரிசீலா. ரொட்டித் துணுக்குகளை ஒரு கையால் கூட்டி இன்னொரு கையில் தள்ளிக்கொண்டே பேசினாள். "சனிக்கிழமை காலையில காபி குடிச்சுக்கிட்டே சொன்னாரு. 'அத்தை சாவுல அண்ணன் கையை நீட்டினான், நான் புடிக்கல. அதுலயிருந்து எனக்குத் தூக்கம் வரல பிரிசீலா. ரெண்டு பாட்டில் எடுத்து வந்து தொடச்சு வைக்கிறேன், சான் மர்த்தீனுக்கு நானே அவன் வீட்டுக்குக் கொண்டு போறேன். குடிச்சுட்டு மறுபடியும் சாலட்டுன்னு சொன்னாலும் சொல்லட்டும், சிரிச்சுக்கறேன். இன்னும் எத்தனை வருஷம் இருக்கப் போறோம்'னு சொல்லிட்டுத்தான் சாவியை எடுத்தாரு."

அபுந்தியோ மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கசில்தா துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிரிசீலா உள்ளே போய்ப் பாட்டிலைக் கொண்டுவந்தாள். தக்கை ஏற்கெனவே பிடுங்கியிருந்தது. அபுந்தியோவுக்கு மட்டும் ஒரு கிளாஸில் ஊற்றி முன்னால் வைத்தாள். விளிம்பு பழைய ஓட்டு நிறத்துக்கு வந்திருந்தது. நல்ல பழுப்புதான் என்று அவர் மனசு துள்ளியது. கிளாஸைத் தூக்கினார்.

மூக்குக்குப் பக்கத்தில் வந்ததுமே தெரிந்துவிட்டது. சுருக்கென்று ஏறியது நெடி. இருந்தாலும் ஒரு வாய் எடுத்தார். இரண்டு கன்னத்திலும் உருட்டினார். பல் கூசியது, நாக்கின் இரண்டு ஓரமும் சுருண்டன. ஒன்பது நாளாக எந்த ருசியும் தெரியாத வாயில் அந்த ருசி மட்டும் அத்தனை துல்லியமாக விழுந்தது. வினிகர். பத்து வருஷத்துக்கு முன்னாலேயே செத்துப்போன ஒயின். அன்றைக்கு அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

இதற்காகத்தான் இறங்கினான். இந்த வினிகரை மார்போடு அணைத்துக்கொண்டுதான் அந்த எட்டாவது படி வரைக்கும் ஏறியிருக்கிறான்.

மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கசில்தா துண்டை இறக்கிவிட்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி முன்னால் சாய்ந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உன் அப்பன் வினிகருக்காகச் செத்தான் என்று எப்படிச் சொல்வது? அவர் விழுங்கினார்.

"நல்லா இருக்கு" என்றார். "ரொம்ப நல்லா இருக்கும்மா. உங்கப்பன் ஜெயிச்சுட்டான். நான்தான் அன்னைக்குத் தப்பாச் சொன்னேன்."

கசில்தா ஓவென்று அழுதாள். சிந்துல்போ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படிச் சொல்லுங்கண்ணே!" என்று பாட்டிலை எடுக்கக் கையை நீட்டினான்.

பிரிசீலா பாட்டிலின் வாயை உள்ளங்கையால் மூடினாள்.

"இரு சிந்துல்போ. அதை நீ குடிக்க முடியாது."

"ஏன்?"

"காலையில ரெண்டு பாட்டிலையும் நான் திறந்து பாத்துட்டேன். ரெண்டும் வினிகர்."

அபுந்தியோ கிளாஸை மேசையில் வைத்தார். வைத்த கை அங்கேயே இருந்தது.

"பதினோரு வருஷமா உங்களைத் திட்டாத நாளே கிடையாது அத்தான்" என்றாள் பிரிசீலா. கோபமே இல்லாத குரல். அதுதான் பயமாக இருந்தது. "என் புருஷனை ஊர் முன்னாடி சிரிப்பா சிரிக்க வச்ச ஆளுன்னு திட்டுவேன். ஆனா திட்டும்போதும் ஒண்ணு சொல்லுவேன். அது கெட்ட வாய்தான், ஆனா பொய் வராத வாய்னு. அதை நம்பித்தான் ஒன்பது நாளா வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன். இன்னைக்குப் பாத்தேன், மூஞ்சியில ஒரு சுருக்கம்கூட இல்லாம விழுங்கிட்டு நல்லா இருக்குங்கறீங்க."

"கசில்தாவுக்காக, அந்தப் புள்ள மனசு..."

"தெரியும். நல்லதுக்குத்தான் சொன்னீங்க. ஆனா உங்களுக்குப் பொய் சொல்ல வருது. அதைத்தான் நான் தெரிஞ்சுக்கணும்."

அவள் எழுந்து மேசை இழுப்பறையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்து பிரித்தாள். காய்ந்த திராட்சைக் கொடி. தொட்டதும் இலைகள் பொடிந்தன.

"இதை சனிக்கிழமை சாயங்காலம் போய் அவுத்தேன். அப்ப இலை ஒவ்வொண்ணும் விறைப்பா நின்னுச்சு. வெட்டின இடம் பச்சையா இருந்துச்சு. அத்தான் தொட்டி நிரப்பினது வியாழக்கிழமை. அந்த வெயில்ல ரெண்டு நாள் தொங்கின கொடி எப்படி இருக்கும் சிந்துல்போ? நீயும் திராட்சைக்காரன்தானே, சொல்லு."

சிந்துல்போ அபுந்தியோவைப் பார்க்காமல் சொன்னான். "சுருண்டு போயிருக்கும்."

"என் புருஷன் தெருவைக் கடக்கறதுக்கே ரெண்டு தடவை பாக்கற ஆளு. கொடி தொங்கியிருந்தா மெழுகுவர்த்தி இல்லாம ஒரு படி இறங்கியிருக்க மாட்டாரு. ஊரு அவரைப் புத்தி கெட்டவன்னு பேசுது. ரொட்டிக் கடையில நான் நிக்கும்போதே பேசுது." அவள் அபுந்தியோவின் பக்கம் திரும்பினாள். "ஒருவேளை பழசு வாடிப் போச்சேன்னு சனிக்கிழமை காலையில நீங்களே வந்து புதுசு கட்டிட்டுப் போயிருக்கலாம். அப்படியும் நினைச்சுப் பாத்தேன். இப்பக் கேக்கறேன். இந்தக் கொடியை எப்பக் கட்டினீங்க?"

தப்பிக்கிற வழியை அவளே திறந்து வைத்துவிட்டாள். சனிக்கிழமை காலையில் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அதற்குச் சாட்சியும் கிடையாது, மறுப்பும் கிடையாது. அபுந்தியோ வாயைத் திறந்தார். வாய் முழுக்க வினிகர் நெடி அடித்தது.

"அவன் இறங்கினதுக்கு அப்புறம்" என்றார்.

"என்னண்ணே சொல்றீங்க?" என்றான் சிந்துல்போ.

"வியாழக்கிழமை நான் கொடி கட்டல. வீம்பு. சனிக்கிழமை வந்தேன், கதவு திறந்திருந்துச்சு. கொடி கட்டலைன்னு தெரிஞ்சா ஊரு என்னைக் கல்லால அடிக்கும்னு பயந்துட்டேன். முதல்ல கொடியைக் கட்டினேன். அப்புறந்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

சிந்துல்போ நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தான். "என் தோட்டத்து ஓர வரிசையில ஒரு கொடி வெட்டியிருந்துச்சு" என்றான் மெதுவாக. "எவன்டா வெட்டினான்னு நான் நேத்துதான் கத்திக்கிட்டிருந்தேன். அவ்வளவு தூரமா போனீங்க? நான் நூறு அடியில நின்னுக்கிட்டிருந்தேனேய்யா! பிரஷ்ஷோட நின்னுக்கிட்டிருந்தேனே!"

கசில்தா அழுகையை நிறுத்தியிருந்தாள். ஆஸ்பத்திரியில் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"போய்ட்டு வந்து கட்டறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு பெரியப்பா?"

"எட்டு நிமிஷம். பத்தா இருக்கலாம்."

"முதல்ல வாசல்ல நின்னு அப்பாவைக் கூப்பிட்டீங்களா?"

"ரெண்டு தடவை கூப்பிட்டேன். பதில் வரல."

"பதிலைக் கேக்கல. சத்தம் ஏதாச்சும் வந்துச்சா?"

இதைத்தான் ஒன்பது நாளாக அவர் தனக்குள்ளேகூடச் சொல்லிக்கொள்ளாமல் வைத்திருந்தார். படுக்கையில் புரண்டபோதும், பெஞ்சில் உட்கார்ந்து மணியை உருட்டியபோதும் இந்த இடத்துக்கு வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். இப்போது கேட்பது தம்பி மகள் இல்லை, ஒரு நர்ஸ். உயிர் இருந்தால் என்ன சத்தம் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"குறட்டை" என்றார். "குறட்டை விட்டுக்கிட்டிருந்தான். சின்ன வயசுல ரெண்டு பேரும் ஒரே கட்டில்லதான் படுப்போம். அதே குறட்டை."

"கொடி கட்டிட்டு வந்தப்ப?"

"குறட்டை நின்னு போயிருந்துச்சு."

கசில்தா எழுந்து வாசலுக்குப் போனாள். வெளியே முற்றத்தில் அவள் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. பிரிசீலா மகள் பின்னால் போகவில்லை. சிந்துல்போவைப் பார்த்தாள்.

"நீ போ. ரொட்டிக் கடைக்கு முதல்ல போ. என் புருஷன் கவனமில்லாம சாகலைன்னு சொல்லு. அந்தக் காவல்துறை ஆளையும் வரச் சொல்லு, நோட்டை எடுத்துக்கிட்டு வரட்டும்."

சிந்துல்போ தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். அபுந்தியோவும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"நீங்க உக்காருங்க அத்தான்."

அவர் உட்கார்ந்தார். எதிரே வெனான்சியோவின் தொப்பி. பிரிசீலா பாட்டிலைச் சாய்த்து அவருடைய கிளாஸை விளிம்பு வரைக்கும் நிரப்பினாள்.

"குடிங்க. நல்லா இருக்குன்னு சொன்னீங்கல்ல" என்றாள்.

அபுந்தியோ குடித்தார். கிளாஸ் காலியானதும் அவள் மறுபடியும் ஊற்றினாள்.